புன்னைமுனையில் மணியடித்தவன்

பித்தளை விளக்குவதற்குப் பழம்புளிதான் நல்லது, ஐயா. புதுப்புளியும் பளபளப்பைக் கொடுக்கும், ஆனால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். பழம்புளியைச் சாம்பலோடு பிசைந்து, தேங்காய்த் தும்பால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பிறகு எழுத்துக் குழிகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் புளியை ஈர்க்கால் கிண்டி எடுக்க வேண்டும். பலர் அந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. அதனால் எழுத்தெல்லாம் பச்சை பூத்துப்போகிறது.

நான் செய்தேன். புன்னைமுனை மிஷன் பாடசாலையின் மணிக்கம்பத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. நான் அங்கே இரண்டாம் மாஸ்டராக வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அதை என் கையாலேயே விளக்கியிருக்கிறேன். பியோன் ஒருவன் இருந்தான், அவனிடம் விடவில்லை. நீங்கள் போய்ப் பார்க்கலாம், ஓர் எழுத்தில்கூடப் பச்சை இராது. பொறாமைக்காரன் இப்படிச் செய்வானா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். பதில் இப்போது வேண்டாம்.

தகட்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: அபாய வேளையில் இம்மணியை அடித்து ஆற்றிலிருந்தோரின் உயிர் காத்த மாணவன் சிறிலின் துணிவுக்கு, 1916. மட்டக்களப்பு நகரத்தில் பிரக்கிராசியாக வழக்காடிக்கொண்டிருந்த அதே சிறில்தான். போன வாரம் கடலில் பிணமாக எடுத்த அதே சிறில்தான்.

நீங்கள் வெளியூரார். பாடசாலை மணிக்கும் ஆற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டீர்கள். நீங்கள் வாவி என்று எழுதுகிறதை நாங்கள் ஆறு என்போம். மாரியில் அது பெருகி, மேற்குக் கரையில் பழுகாமத்துப் பக்கத்து வட்டைகளுக்குள் ஏறும். முழு வயல்வெளியும் பயிரோடு தாழும். அப்போது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட வேண்டும். ஆற்றுவாய் வெட்டுவது என்று சொல்வோம். அரசாங்கக் கச்சேரி ஏசண்டுத் துரையிடமிருந்து கட்டளை வரும். வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானை ஆட்களோடு வந்து மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் இழுப்பார். கடைசியில் ஒரு வரம்பளவு மண்ணை மட்டும் விட்டுவைப்பார்கள். அதையும் எடுத்துவிட்டால், குழந்தை தாண்டுகிற வாய்க்கால் கொஞ்ச நேரத்தில் பெரிய ஆறாக வாய் பிளந்துகொள்ளும். அந்த நேரத்தில் முனைக்கு முன்னால் தோணியில் இருப்பவன் கடலுக்குத்தான் போவான். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அவன் துடுப்புக்கு அங்கே மரியாதை இல்லை.

வெட்டுகிற இடத்திலிருந்து ஆறு தெரியாது, கண்டல் மரங்கள் மறைக்கும். எங்கள் பாடசாலை முனையில் மேட்டில் இருப்பதால் அங்கிருந்து எல்லாம் தெரியும். ஆகவே மிஷன் வந்த காலத்திலிருந்து ஓர் ஏற்பாடு உண்டு. கடைசி மண்ணை எடுக்க ஆயத்தமானதும் வட்டை விதானை நீளமான கமுகங்கம்பில் சிவப்புத் துணி ஏற்றுவார். அதைக் கண்டதும் நாங்கள் மணியை விடாமல் அடிக்க வேண்டும். மணி கேட்ட தோணிகள் எல்லாம் கிட்டிய கரையில் ஏறிவிடும். ஆற்றில் ஒரு தோணியும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு, பாடசாலைக் கொடிமரத்தில் வெள்ளைத் துணி ஏற்ற வேண்டும். வெள்ளையைக் கண்டால்தான் அவர்கள் வெட்டுவார்கள். அந்த ஏற்பாடு ஒருநாளும் பிசகியதில்லை.

1916 மாரியில் எனக்குப் பதின்மூன்று வயது. நான் விடுதியில் தங்கிப் படித்தவன் அல்லன், வயல் வரம்பால் நடந்து வந்து போகிறவன். காலில் சேற்றோடு வகுப்புக்குள் ஏறியதற்காக அன்று என்னை வெளி விறாந்தையில் முழங்காலில் நிறுத்தியிருந்தார்கள். அப்போது நான் எலும்பும் தோலுமாக இருப்பேன். என்னைச் செத்தல் என்று கூப்பிடுவார்கள். காய்ந்து சுருங்கிய மிளகாயைத்தான் இங்கே செத்தல் என்கிறோம். பட்டம் வைத்தவன் சிறில். அவனுக்கு ஒன்றிரண்டு வயது கூட, விடுதி மாணவன், நல்ல சாப்பாடு.

முழங்காலில் நின்ற நான்தான் சிவப்புத் துணியைக் கண்டேன். பியோனைக் காணவில்லை. ஆற்றில் தோணிகள் நின்றன. எழுந்து போய் அடித்தேன். தும்புக் கயிறு, ஈரம், உள்ளங்கை கிழிந்தது. தோணிகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. வெள்ளைத் துணி ஏற்றக் கொடிமரத்துக்குப் போக வேண்டும், ஆனால் கயிற்றை விடப் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் சிறில் ஓடி வந்தான். "இதப் புடிடா, விடாம அடி" என்று கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்த் துணியை ஏற்றினேன். திரும்பி வந்தபோது பெரிய போதகர் வந்துவிட்டார். வெள்ளைக்காரர். அவர் கண்டது கயிற்றோடு நின்ற சிறிலை. என்னிடம் கண்டது, தண்டனை இடத்தை விட்டு எழுந்த பையனை.

அவனைத் தோளில் தூக்கிப் போனார்கள். எனக்கு இரண்டு பிரம்படி கிடைத்தது. கிழிந்த உள்ளங்கையில்தான் அடித்தார். சிறில் அப்போது என்னைப் பார்த்தான், பிறகு போதகரைப் பார்த்தான், அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். எனக்கு மனம் கொதித்தது. பதின்மூன்று வயதில் கொதிக்கத்தானே செய்யும். அது அன்றோடு சரி. நான் ஒன்றையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறவன் அல்லன்.

பிறகு பயிற்சிக் கல்லூரி, பிறகு பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள். குளிரிலும் அட்டையிலும் நல்ல மாஸ்டர் என்று பெயர் எடுத்தேன். 1937இல் எங்கள் பாடசாலையில் இரண்டாம் மாஸ்டர் வேலை காலியானது. தலைமையாசிரியர் பேர்னாட் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். படித்த பாடசாலைக்கே படிப்பிக்க வருவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்றார். பாக்கியம்தான். முதல் நாள் வாசலால் ஏறியதும் மணிக்கம்பத்தில் அந்தத் தகடு தெரிந்தது. நான் போன பிறகு பதித்திருக்கிறார்கள். பச்சை பூத்துக் கிடந்தது. அன்று பின்னேரமே புளி வாங்கினேன்.

பேர்னாட் மாஸ்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால், பிறர் தலையில் வேலை கட்டுவதைப் பிறருக்குச் செய்கிற உபகாரமாக நினைக்கிறவர். பழைய மாணவர் சங்கம் தூங்கிக்கிடக்கிறது, நீங்களும் பழைய மாணவன்தானே, எழுப்பிவிடுங்கள் என்றார். செயலாளர் ஆனேன். ஊர் ஊராகப் போய்ப் பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்தேன். செங்கலடியில் ஒருவன் சந்தைக்கு எதிரில் சாராயத் தவறணை நடத்திக்கொண்டு ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினான். காத்தான்குடியில் ஹலீம் புடைவைக் கடை வைத்திருந்தான். வகுப்பில் என் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவன். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தான், பிறகு என் பெயர் ஞாபகம் வராமல் விழித்தான். பட்டம் மட்டும் ஞாபகம் இருந்தது.

பழைய மாணவன் என்கிற பிராணியை நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ தெரியாது. அவன் படிக்கிற காலத்தில் பாடசாலையை எரித்துவிடலாமா என்று நினைத்திருப்பான். தொந்தி வைத்து, கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டிய பிறகு அவனுக்கு அதன் மேல் காதல் பிறக்கும். பாடசாலைக் கீதத்தைக் கேட்டால் அழுவான், ஆனால் இரண்டாவது அடி தெரியாது. யார் அதிகம் அடி வாங்கினான் என்று அவர்களுக்குள் போட்டி நடக்கும். அடி வாங்கியது அவர்களுக்குப் பதக்கம். உண்மையாக அடி வாங்கியவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

முதல் ஒன்றுகூடல் அந்த வருடம் மார்கழியில் நடந்தது. சிறில் காரில் வந்து இறங்கினான். மண்டபம் நிறைய மாணவர்கள், மேடையில் போதகர்கள், ஓர் ஓரத்தில் நான். அவன் என்னைக் கண்டான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "டேய் செத்தல், நீ இன்னும் உசிரோட இரிக்கியா" என்று சத்தம் வைத்தான். மண்டபம் சிரித்தது. அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. அன்பினால்தான் கூப்பிட்டான். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பாடசாலை முழுவதும் நான் செத்தல் மாஸ்டர். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் ஓடும். தோட்டப் பாடசாலைகளில் நான் சம்பாதித்த மரியாதை எல்லாம் அந்த ஒரு கட்டிப்பிடிப்பில் போய்விட்டது.

பிறகு அவன் மேடை ஏறி மணியடித்த கதையைச் சொன்னான். நன்றாகச் சொன்னான், அதை மறுக்க மாட்டேன். மழை, சிவப்புத் துணி, ஆற்றில் தவிக்கும் தோணிகள், எல்லாம் வந்தன. தும்புக் கயிறு உள்ளங்கையைக் கிழித்ததாம், இரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்ததாம். பின் வரிசையில் இருந்த பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன். இதோ, வலது கையில், நீங்களும் பார்க்கலாம். அவனுடைய கை எப்போதும் பஞ்சு மாதிரி இருக்கும்.

ஆனால் அவன் கதையில் வெள்ளைத் துணி இல்லை. அதை நான் உடனே கவனித்தேன். ஆசிரியனுக்கு எழுதியதைவிட எழுதாமல் விட்டதுதான் முதலில் கண்ணில் படும். அடித்தவனுக்கு அந்தத் துணிதான் முழுக் கதையும். எப்போது நிறுத்தலாம், எப்போது ஏற்றலாம் என்று அவன் நெஞ்சு அதைத்தானே நினைத்துக்கொண்டிருக்கும். கடைசி நேரத்தில் வந்து கயிற்றைப் பிடித்தவனுக்கு அது தெரியாது.

விருந்து முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அவனை விறாந்தைக்குக் கூட்டிப் போனேன். பழைய முழங்கால் இடத்துக்குப் பக்கத்தில்தான். நான் சண்டை போடப் போகவில்லை. மரியாதையாகக் கேட்டேன்.

"சிறில், கதைய நல்லாச் சொன்னாய். வெள்ளைத் துணிய விட்டிட்டாய்."

"என்ன வெள்ளைத் துணி?"

"நான் போய் ஏத்தினன். நீ வந்து கயித்தப் புடிச்சாய்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு என் தோளில் தட்டினான். "ஓம் ஓம், நீயும் அங்கினதான் நிண்டாய். கதைக்கு ஒரு ஆள் போதும்டா செத்தல். ரெண்டு பேர வெச்சாச் சனம் கேக்காது."

நீயும் என்றான். அந்த உம்மை இல்லாமல் ஒரு தடவை சொல்லியிருந்தால், அந்த விறாந்தையில், வேறு எவருக்கும் கேட்காமல் சொல்லியிருந்தால்கூட, எனக்குப் போதும். நான் பெரிய ஆசைக்காரன் அல்லன். அவனோ வெற்றிலைத் தட்டத்தைத் தேடிப் போய்விட்டான். அந்த வெள்ளிக்கிழமையும் நான் தகட்டை விளக்கினேன்.

அடுத்த வருட ஒன்றுகூடலுக்கு ஒரு யோசனை சொன்னேன். ரோட்டால் காரில் வந்து இறங்குவதில் என்ன அழகு, விடுதி மாணவர்கள் அந்தக் காலத்தில் வந்ததுபோல நகரத்திலிருந்து தோணியில் வந்தால் என்ன என்று எழுதினேன். எல்லாரும் துள்ளினார்கள். சிறில் தோணிக்காரன்கூட ஏற்பாடு செய்துவிட்டான், கச்சி முகம்மது என்று ஆற்றில் பழகிய ஆள். ஹலீம் தன் பங்குக்கு, ஆற்றுவாய் வெட்டும்போது ஏற்றுகிற சிவப்பு வெள்ளைத் துணிகள் நைந்துவிட்டன என்று கேள்விப்பட்டு, காத்தான்குடித் தறியில் நெய்த புதுத் துணி இரண்டு அனுப்பினான். நல்ல அகலம். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

தோணி யோசனை சொன்னபோது என்னிடம் ஒரு கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. இதைக் கிளாக்கர் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். ஆற்றுவாய் எப்போது வெட்டுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மழை என் கையிலா இருக்கிறது?

மழை அந்த வாரம் முழுவதும் பெய்தது. ஒன்றுகூடலுக்கு முதல் நாள் பின்னேரம் வட்டை விதானை சேற்றோடு வந்தார். பேர்னாட் மாஸ்டர் நகரத்துக்குப் போய்விட்டார், மறுநாள் பிரதம விருந்தினரோடு காரில் வருவதாக ஏற்பாடு. ஆகவே என்னிடம் சொன்னார்.

"மாஸ்டர், ஏசண்டுத் துரைட ஓடர் வந்திட்டு. வட்டையெல்லாம் தாண்டு போச்சு. நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னம் வெட்டுவம். மணிய மறந்திடாதீங்க."

மறக்கமாட்டேன் என்றேன். மறக்கவும் இல்லை. நகரத்துக்கு ஆள் அனுப்பித் தோணியை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பியிருக்கலாம். ஆனால் மணி எதற்கு இருக்கிறது? மணி அடித்தால் தோணி கரை ஏறும். அந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லாதவன்தான் ஆள் அனுப்புவான் என்று அன்று பின்னேரம் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் பிழை ஒன்றும் எனக்கு இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் காலை பியோனைப் பூமாலை வாங்க அனுப்பினேன். மாணவர்கள் மண்டபத்துக்குள் வரவேற்புப் பாட்டுப் பழகினார்கள். சாரல் அடித்ததால் கதவுகளைச் சாத்தச் சொன்னேன். வெளியே நானும், சமையல் கொட்டிலில் விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த இராசாத்தியும்தான். அவள் உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. அவள் நேர்மையான பெண், கறிக்குக் கொஞ்சம் உப்புக் கூடப் போடுவாள், அவ்வளவுதான்.

அவள்தான் அகப்பையோடு வெளியே வந்து காட்டினாள். "மாஸ்டர், அங்க செவப்புத் துணி ஏறிட்டு. மணி அடிக்கல்லயா?"

"கண்டனான். நீ அடுப்பப் பாரு."

"ஆத்துக்குள்ள தோணி ஒண்டு வருது மாஸ்டர்."

"அது கரைக்குத்தான் வருது" என்றேன். அதுவும் பொய்யில்லை. எங்கள் கரைக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

ஆகவே மணியை நான் அடிக்கவில்லை. இவ்வளவையும் நீங்கள் முன்பே எழுதிவிட்டீர்கள். கவனக்குறைவு என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை வெட்டிவிடுங்கள். என் வாழ்க்கையில் கவனக்குறைவு என்று எவரும் என்னைச் சொன்னதில்லை. வட்டை விதானை, வெள்ளைத் துணியைக் கண்ட பிறகுதான் வெட்டினோம் என்று சத்தியம் பண்ணுகிறார், நீங்கள் அவரை நம்பவில்லை. பாவம், அவர் சொல்வது உண்மை. வெள்ளைத் துணியை நான்தான் ஏற்றினேன். கயிறு சிக்காமல், முழு அகலமும் காற்றில் விரியும்படி, ஆறுதலாக, அவசரமில்லாமல் ஏற்றினேன்.

அது ஒரு பரீட்சை, ஐயா. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வெள்ளைத் துணிக்கு என்ன பொருள்? தகட்டில் எழுதியிருப்பது உண்மையானால் சிறிலுக்கு விடை தெரிந்திருக்கும். வெள்ளை ஏறினால் மண் எடுபடும், ஆற்றில் நிற்கக் கூடாது என்று அந்தக் கணமே தெரிந்திருக்கும். கண்டல் கரை பக்கத்தில்தான் இருந்தது, நாலு துடுப்பில் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் நானே போய் அவன் கையைப் பிடித்து, தகடு சரி, நான்தான் பிழை என்று சொல்லியிருப்பேன். அவ்வளவு நியாயமாகத்தான் பரீட்சை வைத்தேன்.

அவன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி எனக்கு ஆட்டினான்.

ஆறு உடனே அசையவில்லை. கரையோரத்து நுரை முதலில் ஒரு பக்கமாக நகர்ந்தது. பிறகு தோணி திரும்பாமலே பக்கவாட்டில் போகத் தொடங்கியது. துடுப்புகள் வேகமாக விழுந்தன. அவன் உட்கார்ந்துவிட்டான். தோணி கண்டல் மரங்களுக்குப் பின்னால் போனது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் காணவில்லை, மரங்கள் மறைத்துவிட்டன. இராசாத்தி ஏதோ கத்தினாள்.

பிறகு அடித்தேன். கதவுகளைத் திறந்துகொண்டு மாணவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள், மழையில் நின்று என்னைப் பார்த்தார்கள். எவருடைய வாயிலும் அந்தப் பட்டம் இல்லை. பேர்னாட் மாஸ்டரின் கார் வந்து நின்றபோதும் நான் அடித்துக்கொண்டுதான் நின்றேன். இந்த முறை கயிறு என் கையிலேயே இருந்தது.

தோணியில் சிறிலோடு ஹலீமும், கல்முனைப் பக்கத்துப் பழைய மாணவர்கள் இருவரும், கச்சி முகம்மதுவும் இருந்தார்கள். ஹலீமை மட்டும் வலைகாரர்கள் இழுத்தெடுத்தார்கள். கல்முனைக்காரர் இருவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போன வருடம் சிறிலின் கதைக்குப் பலமாகக் கை தட்டியவர்கள். கச்சி முகம்மது எங்கள் பாடசாலையில் படித்தவன் அல்லன், அவனுக்கு நான் பரீட்சை எதுவும் வைக்கவில்லை. அவன் பெண்சாதி றம்லா வந்து பாடசாலை வாசலில் நின்றதாகச் சொன்னார்கள். ஒன்றும் கேட்கவில்லையாம், மணியைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். மணியில் என்ன இருக்கிறது?

நேற்று ஹலீமின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நான் கலங்குவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் சொன்னதாவது, கச்சி முகம்மது சிவப்புத் துணியைத் தூரத்திலேயே கண்டுவிட்டானாம்.

"கிறுகுவம் தொர, ஆத்துவாய் வெட்டப் போறானுகள்" என்று தோணியைத் திருப்பப் பார்த்தானாம். சிறில் அவனை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டு, சிரித்துக்கொண்டு தடுத்தானாம்.

"மணி கேக்கல்லயே காக்கா. அங்க மணிக்கு நிக்கிறவன் ஆரெண்டு தெரியுமா? நம்மட செத்தல். அண்டைக்குக் கை கிழியக் கிழிய அடிச்சவன் அவன்தான். நான் கடைசியாப் போய்க் கயித்தப் புடிச்சவன், பேர் எனக்கு வந்திட்டு. அவன் நிக்கக்குள்ள இந்த ஆத்தில ஒருத்தருக்கும் ஒண்டும் வராது."

பிறகு வெள்ளைத் துணி ஏறியபோது கச்சி முகம்மது துடுப்பைப் போட்டுவிட்டு அல்லாவைக் கூப்பிட்டானாம். சிறில் மட்டும், "பாரு, நம்மளக் கண்டிட்டான்" என்று எழும்பித் தொப்பியை ஆட்டினானாம்.

முதலில் இது காய்ச்சலில் உளறியது என்றுதான் நினைத்தேன். இரவு முழுவதும் யோசித்தேன். சிறில் கடைசியாக வந்து கயிற்றைப் பிடித்தது ஹலீமுக்குத் தெரிய நியாயமே இல்லை, அன்று அவன் பாடசாலைக்கே வரவில்லை. ஆகவே அது சிறில் சொன்னதுதான். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. மேடை இருந்தது, மண்டபம் இருந்தது, அந்த விறாந்தை இருந்தது. அங்கெல்லாம் வாயைத் திறக்காமல், நட்டாற்றில் ஒரு தோணிக்குள் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறான். கேட்ட நாலு பேரில் மூன்று பேர் இன்று இல்லை. அவன் செய்கிற காரியம் எல்லாம் இப்படித்தான், பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவான்.

நான் ஒன்றையும் மறுக்கவில்லை, எங்கே கையெழுத்து வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். ஹலீமின் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை என்று காவலுக்கு நிற்கிறவர் சொன்னார். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பெரிய டாக்குத்தரைக் கொண்டு அவனை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், ஐயா. அன்று புன்னைமுனையில் மணியடித்து உயிர் காத்தவன் நான்தான் என்று சொல்வதற்கு இனி அவன் ஒருவன்தான் மிச்சம்.